டம்ளர் கணக்கு கிராம் ஆகட்டும்!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டுக் கேட்டாயிற்று, போட்டோவும் பார்த்தாயிற்று. எக்ஸெல்லைத் திறந்து, 'கட்டம் கட்டமாக இருக்கிறதே, நமக்கு எதற்கு' என்று மூடிவிட்டீர்களா? எங்கள் வீட்டில் அது அடுப்படிக்கே போய்விட்டது.

இளையாத்தங்குடியில் இருக்கும் என் அப்பச்சிக்குச் சிறுநீரகக் கோளாறு. உடம்பில் பொட்டாசியம் கூடக்கூடாது. மருத்துவமனையில் கொடுத்த தாளில் 'வேகவைத்த காய், வேளைக்கு 100 கிராம்' என்று இருந்தது. ஆத்தாவுக்கோ 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 4 உழக்கு ஒரு படி என்பதுதான் கணக்கு. மெட்ரிக் எடைகள் 1958-லேயே வந்துவிட்டாலும் எங்கள் அடுப்படிக்கு வரவில்லை!

"எந்தக் காயானாலும் அரை டம்ளர்தான் வைக்கிறேன், அப்புறம் என்ன?" என்றார்கள் ஆத்தா. அங்கேதான் சிக்கல். அரை டம்ளர் கத்தரிக்காயும் அரை டம்ளர் மசித்த பரங்கிக்காயும் ஒரே எடை அல்லவே.

முதலில் உங்கள் டம்ளரின் கொள்ளளவைக் கண்டுபிடியுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் காலி டம்ளரை வைத்து, எடையைப் பூச்சியமாக்கும் பட்டனை அழுத்துங்கள். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். 1 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 1 கிராம். எங்கள் டம்ளர் 200 காட்டியது. ஆக 200 மில்லி.

அடுத்து எக்ஸெல். லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், அதிலும் இதே முறைதான். செல்களின் பெயரை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். ஏ2 முதல் காய்களின் பெயர். பி2 முதல் ஒரு கப் வெந்த காயின் எடை. இதற்கு அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணையை எடுத்துக்கொண்டேன். கத்தரிக்காய் 99, பீன்ஸ் 125, கேரட் 156, பாலக் கீரை 180, மசித்த பரங்கி 245 கிராம். அவர்களின் கப் 237 மில்லி. இ1-ல் நம் டம்ளரின் 200, எஃப்1-ல் டாக்டர் சொன்ன 100.

சி2-ல் =பி2*$இ$1/237 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு டம்ளரின் எடை வரும். டி2-ல் =$எஃப்$1/சி2. எத்தனை டம்ளர் வைக்கலாம் என்று வரும். இரண்டு செல்களையும் தேர்வு செய்து, மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள்.

டாலர் குறியை விட்டுவிடாதீர்கள். நான் முதலில் விட்டுவிட்டேன். கீழே இழுத்ததும் இ1 என்பது இ2, இ3 என்று நகர்ந்து, பீன்ஸ் 0 கிராம் என்றது!

விடையைப் பார்த்ததும் ஆத்தா முகம் மாறிவிட்டது. கத்தரிக்காய் டம்ளருக்கு 84 கிராம், பரங்கி 207. அப்பச்சி அரை டம்ளர் பரங்கி சாப்பிட்ட நாளில் 100-ஐத் தாண்டியிருக்கிறார்கள். கத்தரிக்காய் நாளில் 42 கிராமோடு எழுந்திருக்கிறார்கள். "வயிறு நிறையலை" என்று அவர்கள் சொன்னதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓர் எச்சரிக்கை. அந்த அட்டவணை வெறும் தண்ணீரில் வேகவைத்து வடித்த காய்க்கு மட்டுமே. பருப்பு, தேங்காய் சேர்ந்த கூட்டுக்குப் பொருந்தாது. துண்டின் அளவு மாறினாலும் எடை மாறும். உங்கள் வீட்டுக் காயை ஒருமுறை தராசில் நிறுத்து, வந்த எண்ணை சி காலத்தில் சூத்திரத்தின் மேலேயே டைப் செய்துவிடுங்கள். அதுதான் சரியான எண். தாளில் இருப்பது பச்சைக் காயின் எடையா, வெந்த காயின் எடையா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். பச்சையாக ஒரு கப் பாலக் 30 கிராம்தான். எந்தக் காயைச் சாப்பிடலாம் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும், எக்ஸெல் சொல்லாது.

பிரிண்ட் எடுக்கும்போது எழுத்தின் அளவை 20 ஆக்குங்கள். எங்கள் அடுப்படிச் சுவரில் ஒட்டியதை ஆத்தா கண்ணாடி போடாமலே படிக்கிறார்கள்.