தீயுண்ட காரும் தொலைந்த தீப்பொறியும்

"பதறாத காரியம் சிதறாது" என்பர் பெரியோர். எமது பழைய மொறிஸ் மைனர் காரின் இயந்திரத்தில் தீப்பற்றியபோது இம்முதுமொழியின் உண்மையை நாம் நன்குணர்ந்தோம்.

அது எம் தந்தையார் விட்டுச்சென்ற வண்டி. 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதியிற் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடி அயலவரின் நோயாளரை வைத்தியசாலைக்குச் சுமந்த வண்டியுமாம். பெற்றோல் குழாய் வெடித்திருந்ததை நாம் கவனியாது விட்டமையால், ஒருநாள் தெருவில் தீ மூண்டது. மணலை அள்ளி வீசி அணைத்தோம்.

"பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றனர் சிலர். எம் அன்னையார் மறுமொழி கூறாது உள்ளே சென்றுவிட்டார். நாமோ சாவியைத் திருகிப் பார்க்க விரைந்தோம். முதிய மெக்கானிக் ஒருவர் எம்மைத் தடுத்தார்.

"மாஸ்ரர், முதல் நெருப்பு ஏன் வந்ததெண்டு பாருங்கோ. பொறி ஏன் வரேல்லை எண்டதைப் பிறகு பாப்பம்" என்றார்.

அவர் சொற்படியே பற்றரியின் இணைப்பைக் கழற்றினோம். பெற்றோல் குழாய்களையும் கண்ணிற்பட்ட கருகிய வயர்களையும் புதுப்பித்தோம். கசிவோ பெற்றோல் மணமோ இல்லையென உறுதிசெய்த பின்னரே பற்றரியை மீண்டும் இணைத்தோம். இயந்திரம் சுழன்றது, ஆனால் உயிர்பெறவில்லை. பிளக்கிற் பொறி இல்லை.

பொறி எவ்வாறு பிறக்கின்றது? பற்றரியின் 12 வோல்ற்று மின் கொயிலின் முதற்சுருளிற் பாய்கின்றது. டிஸ்றிபியூட்டரினுள் இருக்கும் பொயின்ற் விலகுங் கணத்தில் அவ்வோட்டம் அறுகின்றது. உடனே இரண்டாஞ் சுருளிற் பல்லாயிரம் வோல்ற்று தூண்டப்படுகின்றது. 1831இல் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. மின்னோட்டம் அறுந்தாலன்றிப் பொறி பிறவாது என்பதை மாணவர் மனங்கொள்க.

சாவியை மூடிவைத்து, கியரை விடுவித்து, கைப்பிடியால் இயந்திரத்தைத் திருப்பிப் பொயின்ற் விலகி நிற்கச் செய்தோம். பின் சாவியைத் திறந்தோம். இரு வயர்கள் பூட்டிய 12 வோல்ற்றுச் சிறு பல்பு ஒன்றை எம் மகள் பிடித்தாள். ஒரு வயரை வண்டியின் உடலிலும், மற்றதைக் கொயிலின் உள்வரு முனையிலும் தொடுத்தாள், பல்பு எரிந்தது. டிஸ்றிபியூட்டருக்குச் செல்லும் முனையிலே தொடுத்தாள், எரியவில்லை.

"கொயில் பழுதோ, அப்பா?" என்றாள்.

அம்முனையிலிருந்து டிஸ்றிபியூட்டருக்குச் செல்லும் வயரைக் கழற்றிவிட்டு மீண்டுந் தொடுமாறு கூறினோம். பல்பு எரிந்தது! கொயிலின் முதற்சுருள் அறவில்லை. குற்றம் அதற்கு அப்பால் உளது என்பது தெளிவாயிற்று.

டிஸ்றிபியூட்டரைத் திறந்து நோக்கினோம். உள்ளே செல்லும் சிறுவயரின் உறை வெப்பத்தாற் கருகி, வெறுங்கம்பி தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பொயின்ற் விலகியும் மின் அவ்வழியே இடையறாது வடிந்தமையாற் பொறி பிறக்கவில்லை. அவ்வயரை மாற்றி, பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலமாக அமைத்துச் சாவியைத் திருகினோம். இயந்திரம் முழங்கிற்று. அன்னையார் விறாந்தைக்கு வந்து தூணைப் பற்றியவாறு நின்றார்.

பதற்றத்திற் புதுக்கொயில் வாங்கியிருப்பின் பணமும் போய்ப் பழுதும் நின்றிருக்கும். காரணமறியாது சாவியைத் திருகியிருப்பின் மீண்டுந் தீ மூண்டிருக்கவுங் கூடும். இப்போது எமது வண்டியில் ஒரு தீயணைப்பான் உண்டு. பெற்றோல் குழாயைக் கண்ணாற் பார்த்த பின்னரே நெடுவழி புறப்படுகின்றோம்.