ஒரே நீரில் மீனும் கீரையும்

பல்லடம், காங்கயம் சாலையும் திருப்பூர், தாராபுரம் சாலையும் கூடும் அவிநாசிபாளையத்தைச் சுற்றி வாழும் நமக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழை குறைந்த பூமி இது. திறந்த கிணறுகள் வற்றிய பின் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பி வாழ்கிறோம். அவற்றில் கிடைக்கும் நீரும் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்ததாகவே உள்ளது. வடக்கே நொய்யலின் கதையோ நாடறிந்தது. பாசனத்துக்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு நீரின் தேக்கமாக மாறியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டதும் நம்மில் எவரும் மறக்கத்தக்கன அல்ல. நீர் கெட்டால் வேளாண்மையும் கெடும், நெசவும் நிற்கும்.

ஆகவே, சிறிதளவு நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, வீட்டுப் புறக்கடையில் மீனும் கீரையும் ஒருங்கே விளைவிக்கும் முறையை அங்கத்தினர்கள் அறிந்து கொள்ளுதல் நலம். இதனை மேனாட்டார் அக்குவாபோனிக்ஸ் என்பர். கரீபியக் கடலில் நன்னீர் அரிதான செயின்ட் குரோய் தீவில், வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தினர் பல்லாண்டுகள் இதனை ஆராய்ந்து நடத்திக் காட்டினர். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் சிறு குடும்பங்களுக்கென ஒரு விரிவான வழிகாட்டி நூலை 2014-இல் வெளியிட்டது. வயல் நெல்லோடு மீன் வளர்த்த கீழை நாட்டாருக்கு இதன் கருத்து புதியதன்று. தொட்டியும் குழாயும் மட்டுமே புதியன.

மூவர் கொண்ட சங்கம்

இம்முறையின் தத்துவத்தைக் கூட்டுறவாளர்கள் எளிதில் உணரலாம். மீன், பயிர், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஆகிய மூன்றும் இதன் பங்குதாரர்கள். மீன் தீனியை உண்டு அமோனியாவைக் கழிக்கிறது. அமோனியா மீனுக்கே நஞ்சு. சரளைக் கற்களின் மேல் படிந்து வாழும் ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இதுவும் நஞ்சே. மற்றொரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் மீனுக்குப் பெரும்பாலும் தீங்கற்றது. பயிருக்கோ சிறந்த தழைச்சத்து. பயிர் அதனை உண்டு வளர, நீர் தூய்மையாகி மீன் தொட்டிக்குத் திரும்புகிறது.

இம்மூவரில் மீனையும் கீரையையும் எல்லோரும் கவனிக்கின்றனர்; நுண்ணுயிரை எவரும் நினைப்பதில்லை. இம்முயற்சியில் தோற்றவர்களுட் பெரும்பாலோர் தோற்றது இதனாலேயே. எமது முதல் முயற்சியும் அவ்வாறே முடிந்தது. தொட்டியில் நீர் நிரப்பிய மறுநாளே குஞ்சுகளை விட்டு, அவை விரைந்து வளரட்டும் என்று தீனியை அள்ளி இட்டோம். இரண்டாம் வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் மிதந்தன. நோய் என்று எண்ணி மருந்து தேடி அலைந்தோம். நோய் ஏதும் இல்லை. மூன்றாம் பங்குதாரர் வந்து சேருமுன் கணக்கைத் தொடங்கிவிட்டோம், அவ்வளவே.

தொட்டியும் பாத்தியும்

ஒரு குடும்பத்துக்கு 1000 லிட்டர் தொட்டி ஒன்றும், 3 சதுர மீட்டர் பரப்பும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள சரளைப் பாத்தியும் போதும். இத்தனை சரளையின் எடை சுமார் ஒன்றரை டன் ஆகும். தாங்கும் மேடை உறுதியாக இருத்தல் வேண்டும். மணிக்கு ஒரு முறையேனும் தொட்டி நீர் முழுவதும் பாத்திக்குச் சென்று திரும்புமளவு சிறு மோட்டார் தேவை. 35 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் இரு மாத மின் கணக்கில் ஏறக்குறைய 50 யூனிட் ஏறும். இதனைத் தொடங்குமுன் கணக்கிட்டுக் கொள்ளுதல் வேண்டும்.

நம் பகுதிக்கெனச் சில எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பழைய பொருட் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களைப் பற்றியது. சாயமோ, வெளுப்பு மருந்தோ, வேறு ரசாயனமோ வந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் மீனுக்கும் கீரைக்கும் பயன்படுத்தலாகாது. உணவுப் பொருள் வந்ததென்று ஐயமறத் தெரிந்தாலன்றி, புதுத் தொட்டியே வாங்குக.

இரண்டாவது, சரளை. நம் நிலங்களில் சுக்கான்கல் மிகுதி. அது நீரில் மெல்லக் கரைந்து காரத்தன்மையை உயர்த்திக் கொண்டே இருக்கும். ஒரு பிடி கல்லின் மேல் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அக்கல் ஆகாது. கருங்கல் சரளையே உகந்தது.

மூன்றாவது, தறிக்கூடம் அருகில் இருப்பின் பஞ்சுத் தூசி நீரில் படிந்து மோட்டாரின் வாயை அடைக்கும். தொட்டிக்கு மூடுவலையும் மோட்டாருக்கு வடிவலையும் இடுதல் வேண்டும். மூடுவலை மீன்கொத்தியையும் பூனையையும் தடுக்கும். தொட்டிக்கு மேல் நிழலும் இருந்தால் பாசி படர்ந்து நீர் பச்சையாவது குறையும்.

நீரைப் பொறுத்தவரை, கூரை மழைநீரே முதல்தரமானது. 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு இங்கே நேரடிப் பயன் தருகிறது. ஆழ்குழாய் நீரின் உப்பளவு லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் மழைநீர் கலந்தே பயன்படுத்துக. குளோரின் கலந்த குழாய் நீரை இரண்டு நாள் திறந்த வெளியில் வைத்துக் காற்றுக் குமிழி விட்ட பிறகே சேர்த்தல் வேண்டும்.

முதல் ஆறு வாரம்

மீன் இல்லாமலே நீரை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகைத் தீனியை மட்டும் இடுக. அது அழுகி அமோனியா உண்டாகும். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் நிறம் மாறும் சோதனைத் துளிகளைக் கொண்டு நீரைச் சோதித்து வருக. முதலில் அமோனியா உயரும். அது இறங்கும்போது நைட்ரைட் உயரும். பின் அதுவும் இறங்கி நைட்ரேட் தோன்றும். இதற்கு மூன்று முதல் ஆறு வாரம் வரை செல்லும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறக்குறைய இல்லாமற் போன பின்னரே குஞ்சுகளை விடுக. முன்பே நன்றாக ஓடும் அண்டை வீட்டுப் பாத்தியிலிருந்து ஒரு கூடைச் சரளை வாங்கிக் கலந்தால் நுண்ணுயிர் விரைவில் பெருகும்; பாலுக்கு உறை மோர் இடுவதை ஒத்தது இது.

1000 லிட்டருக்கு 40 குஞ்சுகள் போதும். அறுவடையின்போது மொத்த எடை 20 கிலோவுக்கு மேற்படலாகாது. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை எதையும் தாங்கும். ஆயினும் சிறுத்துப் பெருகும் இயல்புடையது. விரைந்து வளரும் கிஃப்ட் திலேப்பியாவை வளர்ப்போர் மீன்வளத் துறையின் அனுமதி விதிகளை முன்னதாகக் கேட்டறிந்து நடத்தல் வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்நாட்டில் தடை செய்யப்பட்டது, அதனைத் தொடாதீர்கள். எந்த மீனையும் வாய்க்காலிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள்.

பயிரில் முதற்கண் அரைக்கீரை, சிறுகீரை, புதினா, பொன்னாங்கண்ணி ஆகியன ஏற்றவை. சில மாதங்கள் சென்று சத்து நிலைத்த பின் தக்காளி, கத்தரி வைக்கலாம். ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி என்பது கணக்கு. மூன்று சதுர மீட்டருக்கு 150 கிராம் ஆகிறது. குஞ்சுப் பருவத்தில் மீன் அவ்வளவு உண்ணாது. ஆதலால் பாத்தியில் ஒரு பகுதியை மட்டும் நட்டு, மீன் வளர வளரப் பயிரைப் பெருக்குதல் முறை. அரைமணியில் தின்னாது எஞ்சிய தீனியை வலையால் எடுத்துவிடுக. அசோலா வளர்ப்போர் அதனையும் துணைத் தீனியாக இடலாம்.

கோளாறும் பரிகாரமும்

பாவில் ஓர் இழை அறுந்ததை உடனே காணும் நெசவாளருக்கு இங்கும் அக்கண்ணே உதவும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நீரில் பிராணவாயு குறைந்துள்ளது என்பது பொருள். உடனே காற்றுக் குமிழியை மிகுவிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் சூடான நீர் குறைந்த பிராணவாயுவையே ஏற்கும் என்பதை நினைவிற் கொள்க.

மீன் தீனியை மறுத்து ஒதுங்கி நின்றால் அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் தீனியை நிறுத்தி, நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுக. நீரின் காரமும் உஷ்ணமும் ஏற ஏற அமோனியாவின் கொடுமை பெருகும். ஆதலால் கோடையில் அதே அளவு அமோனியா இரு மடங்கு கவனத்துக்குரியது.

தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. நம் கடின நீரில் இதுவே அடிக்கடி காண்பது. பி.எச். எண் 7-க்கு மேல் நிற்கும்போது நீரில் இரும்பு இருந்தும் பயிருக்குக் கிட்டாது. மழைநீர் சேர்த்து பி.எச். எண்ணை 6-க்கும் 7-க்கும் இடையில் நிறுத்தி, உரக்கடையில் கிடைக்கும் கீலேட் இரும்பைச் சிறிதளவு சேர்த்தல் பரிகாரம். துரு ஆணியைப் போடுவதால் பயனில்லை. முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறைவு என்று கொள்க.

பாத்தியில் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால் கழிவு தேங்கிக் காற்றுப் புகாத இடம் உண்டாகியுள்ளது. அவ்விடத்தைக் கிளறிக் கழிவை நீக்கி, நீர் முற்றும் வடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பூச்சிக்கு மருந்து தெளிப்பது இங்கே அறவே கூடாது. இலையில் விழுந்தது நீரில் விழும். வேப்பெண்ணெயும் மீனுக்கு ஊறு செய்யக்கூடும். கையால் பொறுக்குதலும், நீரால் பீய்ச்சிக் கழுவுதலும், மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தலுமே வழி.

மின்சாரம் நின்றால்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுவே. மின்சாரம் நின்றால் தறியும் நிற்கும். ஆயினும் பாவு அப்படியே இருக்கும், மறுபடி தொடங்கலாம். மீன் காத்திராது. நிறைந்த தொட்டியில் சில மணி நேரத்தில் ஆறு மாத உழைப்பு அழியும். ஆகவே பேட்டரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பு இல்லாமல் எவரும் இதனைத் தொடங்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கூறுகிறோம். அதுவும் பழுதானால் குடத்தால் நீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றுதல் வேண்டும். மின்சாரம் வரும்வரை தீனி இடலாகாது.

இவ்விளைவு தறிக்கூலிக்கு மாற்றாகும் என்று நாம் கூற வரவில்லை. குழந்தைகளின் தட்டில் நல்ல கீரையும் அவ்வப்போது நல்ல மீனும் வைக்க இது உதவும். அவ்வளவே இதன் வாக்குறுதி. அதனையும் தனித்தனியே செய்வதினும் கூடிச் செய்தல் மேல். சோதனைத் துளிப் பெட்டி ஒன்றும், உப்பளவு காட்டும் கருவி ஒன்றும் பத்து வீட்டுக்குப் போதும். குஞ்சும் தீனியும் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். முதலில் ஓர் அங்கத்தினர் வீட்டில் ஒரு பாத்தி நன்கு நடக்கட்டும். அங்கிருந்து ஒரு கூடைச் சரளை அடுத்த வீட்டுக்குச் செல்லட்டும். அடுத்த வீட்டாரும் ஆறு வாரம் பொறுமையாகக் காத்திருந்து, அதன் பின்னரே மீனை விடுவாராக.