நட்டுக்குள் அடங்கிய 100 ஜூல்

பல கார்களில் முன்சக்கரத்துக்கு உட்புறம், ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஒரு சுருள்வில் இருக்கும். வீட்டிலேயே அதை மாற்றுவோர் உண்டு. ஜாக்கியால் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுவது எளிது. ஆபத்து, நடுத்தண்டின் உச்சியிலுள்ள நட்டில்! காரிலிருந்து வெளியே எடுத்த பின்னும் வில்லை அழுத்திப் பிடித்திருப்பது அதுதான்.

ஒரு செ.மீ. அழுத்த 200 நியூட்டன் விசை தேவைப்படும் வில், 10 செ.மீ. அழுந்தியிருப்பதாகக் கொள்வோம். அதிலுள்ள நிலையாற்றல் 100 ஜூல். 5 கிலோகிராம் இரும்புக் குண்டு 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஏறத்தாழச் சமம்! ஆகவே கொக்கித் திருகுகளால் வில்லை மேலும் சுருக்கி, நட்டின் மீதுள்ள பாரத்தை நீக்கிய பிறகே அதைக் கழற்றலாம். வேடிக்கை என்னவென்றால், இப்படிச் சுருக்கும்போது ஆற்றல் இன்னும் கூடுகிறது; 12 செ.மீ. என்றால் 144 ஜூல். எதிரெதிரே மாட்டிய இரு திருகுகளையும் மாறி மாறி, சிறிது சிறிதாகத்தான் முடுக்க வேண்டும். ஒன்று முந்தினால் வில் வளைந்து கொக்கி நழுவும்.