சின்னஞ்சிறு விசையின் வெற்றி

ராக்கெட் என்றதும் நம் கண்முன் நிற்பவை பெருநெருப்பும் பேரிரைச்சலுமே. பூமியை விட்டுக் கிளம்ப அந்தப் பெருவிசை வேண்டும். ஆனால் விண்வெளியை அடைந்த பின், ஒன்றரை கிராம் எடை நம் உள்ளங்கையில் அழுத்தும் அளவு விசையே ஒரு கலத்தின் பாதையை மாற்றப் போதும் என்றால் நம்புவீர்களா? இதோ ஓர் உண்மை நிகழ்ச்சி.

2001ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'ஆர்ட்டிமிஸ்' என்னும் செய்தித் தொடர்புச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்ற வேண்டும். ஆனால் ராக்கெட்டின் மேலடுக்கு சரிவர இயங்கவில்லை. பாதையின் மிக உயர்ந்த இடமே சுமார் 17,500 கி.மீ.தான். கோளில் இருந்த எரிபொருளின் பெரும்பகுதியைச் செலவிட்டு 31,000 கி.மீ. வரை அதை ஏற்றினார்கள். எஞ்சிய 5,000 கி.மீ. தூரத்திற்கு என்ன செய்வது? பாதையில் நேரும் சிறு விலகல்களைத் திருத்துவதற்காக வைத்திருந்த அயனி இயந்திரம் அப்போது கைகொடுத்தது.

இவ்வியந்திரத்தில் எதுவும் எரிவதில்லை. செனான் என்னும் வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானை நீக்கி அவற்றை அயனிகளாக்குகிறார்கள். மின்விசை அவற்றை நொடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் வெளியே தள்ளுகிறது. எரிபொருள் எரிந்து வெளிவரும் வாயுவின் வேகம் இதில் பத்தில் ஒரு பங்கே. ஆகவே சிறிதளவு செனானே நெடுநாள் வரும். வேண்டிய மின்சாரத்தைச் சூரியத் தகடுகள் தருகின்றன.

அவ்வளவு உயரத்தில் காற்றின் தடை இல்லை. எனவே சிறு உந்தலும் வீணாகாமல் சேர்ந்துகொண்டே போகிறது. கோள் செல்லும் திசையிலேயே உந்த உந்த, அதன் பாதை கொசுவர்த்திச் சுருள்போல் உள்ளிருந்து வெளியே விரிகிறது. எதிர்த்திசையில் உந்தினால் சுருங்குகிறது. ஆர்ட்டிமிஸ் நாளொன்றுக்குச் சராசரி 15 கி.மீ. உயர்ந்து, 2003ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் தன் இடத்தை அடைந்தது. பின்னர் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியது!

செனானும் வேண்டாம், வெயிலே போதும் என்பது சூரியப் பாய். ஒளி ஒரு பொருளின்மேல் படும்போது அதை மெல்லத் தள்ளுகிறது. ஜப்பான் 2010இல் ஏவிய 'இக்காரஸ்' கலத்தின் பாய் பக்கத்திற்கு 14 மீட்டர் கொண்ட சதுரம்; அதன் கனமோ தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய பாய்க்கும் வெயிலிலிருந்து கிடைத்த விசை, ஆர்ட்டிமிஸின் அயனி இயந்திரம் தந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இந்த விசைக்குச் செலவில்லை.

ஒளி சூரியனிடமிருந்து வெளிநோக்கித்தானே செல்கிறது? பாய் விரித்த கலம் சூரியனை எப்படி நெருங்கும்? விடை எளிது. கலம் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் பாயைச் சற்றுச் சாய்த்தால், உந்தலும் பக்கவாட்டில் சாய்கிறது. அது ஓட்டத்திற்குத் துணையானால் பாதை விரியும். எதிரானால் கலம் சூரியனை நோக்கி இறங்கும். சுக்கான் இல்லாத கப்பலுக்குப் பாயின் சாய்வே சுக்கான்!

தோழியரே, பெருவிசை கைவிட்ட இடத்தில் இடைவிடாத சிறுவிசை ஒரு கோளைக் காத்தது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிமார் சொல்வது விண்வெளிக்கும் பொருந்தும் அல்லவா?