அப்பத்தா கேட்ட முதற்குரல்

சினிமா விஷயமாக வீட்டில் எழும் வழக்குகளுக்கு நீதிபதி கிடையாது. இன்ன படத்தில் இன்ன பாட்டைப் பாடியவர் யார் என்று இரண்டு மாமாக்கள் வாதாடத் தொடங்கினால், காப்பி ஆறிப்போவதுதான் மிச்சம். ஆயினும், எங்கள் வீட்டு வழக்கு ஒன்றில் தீர்ப்புக் கிடைத்தது. வாதி காலமான பிறகு கிடைத்தது என்பதுதான் வருத்தம்.

1980-களின் இறுதி. வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' பார்க்க எங்கள் மதுரை வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு கூடிவிடும். என் அப்பத்தா சோழவந்தான் பக்கத்துப் பெண். பழைய பாட்டு ஒன்றில் ஸ்ரீ டி. ஆர். மகாலிங்கத்தின் முகம் தெரிந்தால் போதும், "எங்க தென்கரைப் பிள்ளை!" என்று நிமிர்ந்து உட்காருவாள். வைகைக்கு அக்கரையிலுள்ள தென்கரைதான் அவருடைய ஊர்.

ஒருநாள் பேச்சு 'ஸ்ரீவள்ளி'க்குத் திரும்பியது. 1945-ல் வெளிவந்த அந்தப் படத்தில் மகாலிங்கம் முருகன். குமாரி ருக்மிணி வள்ளி. (பிற்காலத்து நடிகை லக்ஷ்மியின் தாயார்தான் இந்த ருக்மிணி.)

"மொதத் தடவை பார்த்தப்ப அந்தப் பொண்ணே பாடுச்சு. மறுபடி பார்த்தப்ப வேற குரலுடா!" என்றாள் அப்பத்தா.

கூடமே சிரித்தது. ஒரே படம் எப்படி இரண்டு குரலில் பாடும்? "அப்பத்தா, ஒங்களுக்குக் காது மாறிப்போச்சு" என்று நான் சொன்னது இன்றைக்கும் என் நெஞ்சில் தைக்கிறது. அவள் கோபிக்கவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டாள்.

கல்லூரியில் படிக்கும்போது, தமிழ்ப் படங்களின் சரித்திரம் ஒன்றைப் புரட்டுகையில் உண்மை வெளிப்பட்டது. மகாலிங்கத்தின் கணீரென்ற சாரீரத்துக்கு முன்னால் ருக்மிணியின் பாட்டு எடுபடவில்லை என்று ஸ்ரீ ஏவி. மெய்யப்ப செட்டியார் கருதினார். உதடசைவுக்குப் பொருந்தும்படி ஸ்ரீமதி பி. ஏ. பெரியநாயகியைப் பாடச் செய்து, புதிய ஒலியைப் படத்தில் சேர்த்தார். ஒலி என்பது பிலிமின் ஓரத்தில் கோடாகப் பதிந்து கிடப்பது. ஆகவே பிம்பத்தைத் தொடாமல் குரலை மட்டும் மாற்ற முடிந்தது. செட்டியாருக்கு இந்த வித்தை புதிதுமல்ல. 1938-ல் 'நந்தகுமார்' படத்திலேயே தேவகி வேஷத்துக்கு ஸ்ரீமதி லலிதா வெங்கட்ராமனைப் பின்னணி பாட வைத்தவர் அவர். அதில் பாலகிருஷ்ணனாக வந்த சிறுவன் வேறு யாருமல்ல, நம் மகாலிங்கமே!

அப்பத்தா சொன்னது வாஸ்தவம். அந்த முதற்குரல் எப்படி இருந்தது, அது உண்மையிலேயே அவ்வளவு மோசமா என்று கேட்கலாமென்றால் அவள் இல்லை. அதைக் காதால் கேட்ட ஒருத்தி எங்கள் கூடத்திலேயே பல வருஷம் உட்கார்ந்திருந்தாள், நாங்கள்தான் விசாரிக்கவில்லை.

அவளுக்கு உயிரான இன்னொரு படம் 'நாம் இருவர்'. சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பு, 1947 ஜனவரியில் வந்தது. யுத்த காலத்தில் காரைக்குடிக்குப் பெயர்ந்திருந்த செட்டியார், அங்கே கொட்டகை போட்டு அதை எடுத்தார். ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாள் பாரதியின் பாடல்களைப் பாட, குழந்தை கமலா ஆடினாள். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை செட்டியாரிடம் இருந்தது. பின்னர் அதை அவர் விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1949-ல் பாரதியின் படைப்புக்களைச் சர்க்கார் ஏற்றது.

மகாலிங்கத்தின் கதை அவ்வளவு சுகமாக நடக்கவில்லை. சொந்தமாகப் படமெடுத்து நஷ்டப்பட்டார். 1958-ல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' அவரை மீட்டுக் கொடுத்தது. 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் பாணபத்திரராக வந்தார். மதுரைச் சொக்கநாதர் விறகு சுமந்து வந்து காப்பாற்றிய அந்தப் பாணனாக நடிக்க, வைகைக் கரைக்காரரைவிடப் பொருத்தமானவர் யார்? 1978-ல் அவர் மறைந்தார்.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில், வீட்டுப் பெரியவர்கள் முதலில் பார்த்த படம் எது, எந்தக் கொட்டகையில் என்று எழுதி வரச் சொல்கிறேன். 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டர்தான் அதிகம் வருகிறது. 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்த அந்தக் கட்டடம் இன்று இல்லை. ஆனால், அங்கே தரை டிக்கெட்டில் எந்தப் பக்கம் மின்விசிறி இருந்தது என்பதில் என் மாணவி ஒருத்தியின் இரண்டு தாத்தாக்களுக்கும் தகராறு. இரண்டையும் தனித்தனியே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.