ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவர்கள்

2022 செப்டம்பர். சங்கரன்கோவில் வட்டம் பாஞ்சாகுளத்தில் தலித் பிள்ளைகள் சிலர் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்கள் தெருவுக்கு எதுவும் விற்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வீடியோ நாடெங்கும் பரவியது. 2020இல் நடந்த மோதல் தொடர்பான வழக்கைத் திரும்பப் பெற தலித்துகள் சம்மதிக்காததுதான் பின்னணி. கடைக்கு சீல் வைத்தார்கள்; கைதுகள் நடந்தன. குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நெல்லை நீதிமன்றம் தடை விதித்தது.

பிள்ளைகளுக்கு மிட்டாய் மறுக்கப்படும் என்று தெரிந்திருந்தாலும் அந்தப் பெற்றோர் வழக்கை விட்டிருப்பார்களா? விட்டிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

தாழ்த்தப்பட்டவர்கள் எப்போது பொறுத்துப்போகிறார்கள், எப்போது எதிர்க்கிறார்கள்? ஹென்றி தாஜ்ஃபெல், ஜான் டர்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் இதை ஆராய்ந்தார்கள். போலந்து யூதரான தாஜ்ஃபெல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டபோது தான் போலந்துக்காரர் என்பதை மறைத்தே உயிர்தப்பியவர். இந்த ஏற்பாடு நியாயமற்றது, மாற்றவும் முடியும் என்ற இரண்டு எண்ணங்களும் சேரும்போதுதான் ஒரு கூட்டம் எழுந்து நிற்கும் என்றார்கள் அவர்கள். அதுவரை சிலர் தனியாக வெளியேறிவிடுவார்கள். சிலர் தங்கள் பெயருக்கும் வரலாற்றுக்கும் புதுப் பெருமை தேடுவார்கள்.

சங்கரன்கோவிலைச் சுற்றி இவை எல்லாமே நடந்திருக்கின்றன. கிழக்கே கழுகுமலையில் தேர் வீதியில் ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டது. ஒரு பகுதியினர் கத்தோலிக்கரானார்கள். 1895இல் கலவரத்தில் உயிர்கள் போயின. ஆனால் அந்தச் சமூகம் கோயில் வாசலிலேயே நின்றுவிடவில்லை. வியாபாரிகள் மகமை என்ற பொது நிதியை வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. அதே ஆண்டு அரசுப் பதிவேட்டிலும் ‘நாடார்’ என்ற பெயர் ஏறியது. வேறு எந்த வழியையும்விட அந்தப் பள்ளிக்கூடங்கள்தான் அதிகம் சாதித்தன.

தென்மேற்கே, மலையடிவாரத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின.

புதுப் பெயர் தேடும் வழியும் தொடர்கிறது. 2021இல் நாடாளுமன்றம் பட்டியல் சாதிகளில் ஏழு உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் சேர்த்தது. பட்டியல் சாதிகளின் பட்டியலிலிருந்தே வெளியேற வேண்டும் என்ற குரலும் அந்தச் சமூகத்தில் உண்டு. இடஒதுக்கீடு போனால் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் என்னாவது என்று கேட்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள்.