இயங்குதள வகைகளும் தமிழ் ஆய்வேடுகளும்: கோவை அரசாணையை முன்வைத்து

முன்னுரை

கணினியின் வன்பொருளுக்கும் பயனரின் செயலிகளுக்கும் இடையே நின்று நினைவகம், கோப்பு, திரை ஆகியவற்றை ஆளும் மென்பொருளே இயங்குதளம் ஆகும். பாடநூல்கள் இதனைத் தொகுதிமுறை, நேரப்பகிர்வு, நிகழ்நேரம், பரவல் எனச் செயற்பாட்டு அடிப்படையில் வகைப்படுத்துகின்றன. ஆலை எந்திரங்களைக் கட்டுப்படுத்துவோர்க்கு இப்பாகுபாடு இன்றியமையாதது. தமிழாய்வாளருக்கோ வேறொரு வினாவே முதன்மையானது: திரையில் தமிழ் எழுத்தை உருவாக்குவது எழுத்துருவா, இயங்குதளமா?

எழுத்துருவை நம்பிய காலம்

கோவை ஆர்.எஸ்.புரத்துத் தட்டச்சு மையம் ஒன்றில் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்ட ஆய்வேடு ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அதில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே சேமிக்கப்பட்டிருக்கும். அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டுள்ளது, அவ்வளவே. இயங்குதளத்தைப் பொறுத்தவரை அஃது ஆங்கில ஆவணம். பாமினி நிறுவப்படாத கணினியில் போர்வை விலகிவிடும். அச்சிட்டால் குறை தெரியாது. ஆனால் மின்னணுக் களஞ்சியத்தில் ஏற்றியபின் 'தமிழ்' எனத் தேடுபவருக்கு அவ்வாய்வேடு அகப்படாது. பல்லாண்டு உழைப்பு இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

இயங்குதளம் ஏற்ற பணி

ஒருங்குறியில் நிலை வேறு. 'கொ' என்பது முதலில் ககரமாகவும் அடுத்து ஒகரக் குறியாகவும், ஒலிக்கும் முறையிலேயே சேமிக்கப்படுகிறது. ஒற்றைக்கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது வடிவாக்கப் பொறியின் வேலை. விண்டோசில் யூனிஸ்கிரைப், மேக்கில் கோர்டெக்ஸ்ட், லினக்சில் ஹார்ஃப்பஸ் என இப்பொறி இயங்குதளந்தோறும் வேறுபடும். விண்டோஸ் 98 தன்னளவில் இப்பணியை அறியாது. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றது. எனினும் எக்ஸ்பியில்கூட இவ்வசதியைத் தனியே தேர்ந்து நிறுவவேண்டியிருந்தது. தட்டச்சு மையங்கள் பழைய எழுத்துருக்களை எளிதில் கைவிடாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். பழக்கத்தை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் 7 ஸ்டார்டரும், சி-டாக் நிறுவனத்தின் லினக்ஸ் சார்ந்த பாஸ் இயங்குதளமும் ஒரே கணினியில் தரப்பட்டன. ஒன்று உரிமத்துக்குட்பட்ட மூடிய வகை, மற்றொன்று கட்டற்ற திறந்த வகை. ஒருங்குறிக் கோப்பு இரண்டிலும் தமிழாகவே திறக்கும்.

கோவை மாநாடும் அரசாணையும்

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதன் தொடக்க நாளையே தேதியாகக் கொண்ட அரசாணை ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. ஒருங்குறி இயலாத இடங்களுக்கு டேஸ்16 குறியேற்றத்தை மாற்றாக ஏற்றது. டேஸ்16 ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் அளிப்பதால் வடிவாக்கப் பொறி தேவைப்படாது. இலக்கண நோக்கில் இது கவர்ச்சியான தீர்வே. ஆயினும் அக்குறியெண்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்துள்ளமையால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெற்றுக் கட்டங்களே தோன்றும். பாமினியின் இடர் இங்கும் வேறுருவில் தொடர்கிறது.

பழைய ஆய்வேடுகளை மாற்றுதல்

பாமினிக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் செயலி, வெற்றுரையில் எது தமிழ், எது ஆங்கிலம் என அறியாது. ஆங்கில மேற்கோள்களும் நூற்பெயர்களும் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும். ஆகவே அப்பகுதிகளை முன்னரே பிரித்து வைத்து, மாற்றியபின் மீண்டும் உரிய இடத்தில் சேர்த்தல் வேண்டும்.